மிச்ச பிளாட்டினம் எங்கே?

1998 ஜூலையில் ஒரு மூன்று வாரம், உலகத்திலேயே மலிவான நல்ல வினையூக்கி என் கையில் இருந்தது. பிஎச்.டி.யில் இரண்டாம் வருஷம். டங்ஸ்டன் கார்பைடு தூளைத் தகட்டில் பூசி, நீர்த்த கந்தக அமிலத்தில் கேத்தோடாக வைத்து ஹைட்ரஜன் எடுப்பது என் வேலை. இதற்குப் பிளாட்டினத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் விலை? அதனால்தான் டங்ஸ்டன் கார்பைடு.

முதல் நாள் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் ஓடுவதற்கு 240 மில்லிவோல்ட் கூடுதலாகக் கேட்டது. பரவாயில்லை ரகம். அப்புறம் தினமும் ஓட்ட ஓட்ட அந்தக் கூடுதல் குறைந்துகொண்டே வந்தது. 200, 150, 110. மூன்றாவது வாரம் 70. மற்றவர்களுடைய வினையூக்கியெல்லாம் நாள்பட நாள்படச் சோர்ந்துபோகும். என்னுடையது நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டிருந்தது. ஹாஸ்டலில் உட்கார்ந்து கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களை எழுதியே விட்டேன்.

நெறியாளரிடம் வரைபடத்தைக் காட்டினேன். தமிழர்தான், அதிகம் பேசாதவர். ஸ்கேலை எடுத்துக் கோட்டின் சாய்வை அளந்தார்.

"கரண்ட் பத்து மடங்காக 30 மில்லிவோல்ட். இந்த 30ஐ வேற எங்கயாவது பாத்திருக்கியாம்மா?"

"இல்ல சார்."

"கவுண்டர் எலக்ட்ரோடு என்ன போட்டிருக்க?"

"பிளாட்டினம் கம்பி சார்."

"போய் அதை எடை போட்டுட்டு வா."

கவுண்டர் என்பது கேத்தோடுக்கு எதிரே ஆனோடாக நின்று கரண்ட் ஓடச் சுற்றை முடிக்கிற மின்முனை. கம்பி கொடுக்கும்போது ஸ்டோர் ரெஜிஸ்டரில் எழுதிய எடை இருந்தது. அதைவிட 0.4 மில்லிகிராம் குறைவு. தராசு சரியில்லையோ என்று மூன்று தடவை போட்டேன். அதே எடைதான். வந்து சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "குறைஞ்சது எங்க போச்சு?"

அமிலத்தில் கரைந்து, கரைசல் வழியாக வந்து, என் அருமை டங்ஸ்டன் கார்பைடின் மேல் படிந்திருந்தது. ஆனோடாக நிற்கிற பிளாட்டினம் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சில மைக்ரோகிராம் வந்து ஒட்டினாலே போதும், கேத்தோடு பிளாட்டினம் மாதிரி நடந்துகொள்ளும். அமிலத்தில் ஹைட்ரஜனுக்கு 30 மில்லிவோல்ட் சாய்வு என்பது பிளாட்டினத்தின் முகவரி. மூன்று வாரமாகப் பிளாட்டினத்தைத்தான் அளந்துகொண்டிருந்தேன். கவுண்டரில் கிராஃபைட் கம்பியை மாட்டிப் புதுத் தகட்டோடு மறுபடி ஓட்டினேன். 240. பத்து நாள் கழித்து 250. வினையூக்கி எல்லாரையும் போலச் சோர்ந்துபோனது.

வேதிப்பொறியியல் படித்துவிட்டு மின்வேதியியலில் பேராசிரியராக வேண்டும் என்று எனக்கு அடிக்கடி கடிதம் எழுதுகிறார்கள். எந்த நாட்டுக்குப் போகலாம், எந்தத் தலைப்பு எடுக்கலாம், எத்தனை கட்டுரை வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் வருஷாவருஷம் மாறுகிறது. எனக்கு மாறாமல் உதவியது அந்த எடை போடும் பழக்கம்தான். அது எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் காப்பாற்றியது, எங்கே நான் அதை மறந்து மாட்டிக்கொண்டேன் என்று எழுதிவைக்கிறேன். எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் காரைக்குடி. பஸ் ஸ்டாண்டை ஒட்டி அப்பா பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தார். லாரி, டிராக்டர், திருவிழா மைக்செட்காரர்கள் எல்லாரும் வருவார்கள். ஆசிட் தெறித்து அப்பாவின் கைலியில் ஓட்டை இல்லாத இடத்தைத் தேட வேண்டும். ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சி, மிதவை 1.250ஐத் தாண்டி நின்றால் "ஏறிருச்சு" என்பார். ஒரு தடவை டிராக்டர்காரர் ஒருவர் டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். ராத்திரி முழுக்க ஏற்றினாலும் இரண்டு நாளில் இறங்கிவிடுகிறது. "நாம குடிக்கிற தண்ணி வேற, பேட்டரி குடிக்கிற தண்ணி வேற ஆத்தா" என்றார் அப்பா. இரும்பும் குளோரைடும் சேர்ந்தால் தட்டு தன்னைத்தானே தின்னும் என்பது அவருக்குப் பெயர் தெரியாமலே தெரியும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிக்கல் மின்முனையில் ஆக்சிஜன் எடுக்கிற வேலையில், கரைசலில் தெரியாமல் கலந்திருக்கும் துளி இரும்புதான் நிக்கலின் திறமையை ஏற்றிக் காட்டுகிறது என்று காரிகன் என்பவர் 1987லேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக அந்த இரும்பின் புண்ணியத்தை நிக்கலின் கணக்கில் எழுதிய கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு இருக்கிறது. பாட்டிலில் தூய்மை 99 சதம் என்று போட்டிருந்தால், என் மாணவர்களிடம் மிச்சம் 1 சதம் என்ன என்றுதான் முதலில் கேட்பேன்.

ஊரிலேயே சிக்ரி இருந்தது என் அதிர்ஷ்டம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப்பெயர், அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. செட்டிநாட்டுப் பொட்டலில் தேசிய ஆய்வுக்கூடம் வந்த கதை எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அங்கே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் என்று ஒரு பி.டெக். இருந்தது. 1991இல் சேர்ந்தேன். அப்பாவுக்கு அது பேட்டரிக் கடைக்குப் பெரிய படிப்பு என்றுதான் கடைசிவரை நினைப்பு. தப்பென்று சொல்ல முடியவில்லை.

படிக்கும்போது மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். கடலோரத்தில் சட்டங்களில் இரும்புத் தகடுகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். உப்புக்காற்று துரு ஏற்றுவதில் அந்தக் கரைக்குப் பெரிய பெயர். சோதனை முறை இவ்வளவுதான்: தகட்டை எடை போடு, காற்றில் வை, மாதக்கணக்கு கழித்துத் துருவைக் கழுவு, மறுபடி எடை போடு. இதற்கா இன்ஜினியரிங் படிக்க வந்தோம் என்று சிரித்தோம். பிற்பாடு பிளாட்டினக் கம்பியை எடை போடச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தகடுகள்தான்.

பிஎச்.டி. முடித்து, அமெரிக்காவில் ஒரு வேதிப்பொறியியல் துறையில் மூன்று வருஷம் போஸ்ட்டாக். 2004இல் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி நேர்காணல். அறையில் ஐந்து பேர். மூத்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "நீங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டுக்கே அப்ளை பண்ணியிருக்கலாமே?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சந்தேகம். இந்தத் துறைக்கு வருகிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். வேதியியல்காரர்கள் நம்மை இன்ஜினியர் என்பார்கள், இன்ஜினியர்கள் நம்மை வேதியியல் என்பார்கள். வீட்டில் எலக்ட்ரிகல் என்று சொல்லிவைத்திருப்பார்கள்.

நான் எழுந்து போர்டில் ஒரு சமன்பாடு எழுதினேன். நுண்துளைகள் நிறைந்த வினையூக்கி உருண்டைக்குள் வாயு ஊடுருவிக்கொண்டே வினைபுரிந்தால் உள்ளே போகப் போக அதன் செறிவு எப்படிக் குறைகிறது என்பது. வேதிப்பொறியியல் மூன்றாம் வருஷப் பாடம், அங்கிருந்த ஐந்து பேரும் நடத்தியிருப்பார்கள். பக்கத்தில் இன்னொன்று எழுதினேன். பேட்டரியின் நுண்துளைத் தட்டுக்குள் உள்ளே போகப் போக மிகை மின்னழுத்தம், அதாவது வினை ஓடுவதற்குக் கூடுதலாகக் கேட்கிற மின்னழுத்தம், எப்படிக் குறைகிறது என்பது. செறிவு இருந்த இடத்தில் மின்னழுத்தம், ஊடுருவல் இருந்த இடத்தில் கரைசலின் கடத்துதிறன். மற்றபடி இரண்டும் ஒரே சமன்பாடு. "சார், இது எங்க டிபார்ட்மென்ட் கணக்குதான்" என்றேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹங்கேரியிலிருந்து 1947இல் பெர்க்லி வந்துசேர்ந்த சார்லஸ் டோபயாஸ் கட்டிய வழி அது. அவருடைய மாணவர் ஜான் நியூமன். இரண்டு பேரும் சேர்ந்து நுண்துளை மின்முனைக் கணக்கை 1962இல் எழுதினார்கள். 1993இல் டாயில், ஃபுல்லர், நியூமன் மூவரும் அதை லித்தியம் பேட்டரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு மின்சாரக் கார் பேட்டரிக்குக் கணினியில் மாதிரி போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கிலோ அதைச் சுருக்கியதிலோதான் நிற்கிறார்கள். மூலக்கூறு என்ன செய்கிறது என்று வேதியியல்காரர் கேட்பார். அந்த மூலக்கூறு வந்துசேர எவ்வளவு நேரம், வெப்பம் எந்தப் பக்கம் போகிறது, பத்து மடங்கு பெரிதாக்கினால் எது உடையும் என்று நாம் கேட்போம். இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு வேதியியல்காரரோடு அவருடைய மைதானத்தில் ஆடப் போனால் தோற்றுவிடுவோம். நான் இரண்டு வருஷம் அப்படி ஆடிப் பார்த்திருக்கிறேன்.

வேலை கிடைத்தது, விரிவுரையாளராக. சேர்ந்தவுடன் மின்வேதியியல் பாடம் நடத்துகிறேன் என்று கேட்கவில்லை. இதை யாரோ புத்திசாலி முன்பே சொல்லியிருந்தார். பாய்ம இயக்கவியல் ஆய்வகம், நிறைமாற்றம், பிராசஸ் கன்ட்ரோல் என்று மற்றவர்கள் தள்ளிவிடுகிற பாடங்களையெல்லாம் எடுத்தேன். மூன்று வருஷத்தில் துறையில் எல்லாருடைய விடுப்புக்கும் மாற்று ஆள் நான்தான். அப்புறம் விருப்பப் பாடமாக மின்வேதிப் பொறியியலை வைத்தபோது எதிர்க்க யாருமில்லை. பதினொரு பேர் சேர்ந்தார்கள். அதில் நான்கு பேர் நேரக்கட்டம் ஒத்துவந்ததால் சேர்ந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது.

ஆய்வகத்துக்கு ஒரு பழைய ஸ்டோர் ரூம் கொடுத்தார்கள். முதல் நிதி வந்ததும் எல்லாரும் செய்கிற தப்பைச் செய்யாமல் தப்பித்தேன். நாலைந்து சாதனத்தை அரைகுறையாக வாங்காமல், ஒரே ஒரு நல்ல பொட்டன்ஷியோஸ்டாட்டும் தண்ணீரை 18.2 மெகாஓம் வரை சுத்தமாக்கும் கருவியும் வாங்கினேன். தண்ணீர்க் கருவிக்கு இவ்வளவா என்று நிதி அலுவலகத்தில் கேட்டார்கள். அப்பாவின் டிராக்டர்காரர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

பொட்டன்ஷியோஸ்டாட் என்பது மின்முனையை நாம் சொன்ன மின்னழுத்தத்தில் நிறுத்தி, ஓடுகிற கரண்டை அளக்கிற ஒரு விநோதமான பெட்டி. எதை மாட்டினாலும் ஒரு கோடு வரைந்து காட்டிவிடும். சாம்பார் கரண்டியை மாட்டினாலும் வரையும். தப்பு என்று ஒருநாளும் சொல்லாது. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் வழுக்குகிற இடம் இது. தராசில் எடை வராவிட்டால் தராசு கெட்டிருக்கிறது என்று தெரியும். இங்கே அழகான கோடு வரும், பொய்யாக இருக்கும்.

அதனால் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம். எந்தப் புது மாணவரும் முதல் ஒரு மாதம் சொந்தச் சோதனை செய்யக் கூடாது. கார்பன் மின்முனையை அலுமினாத் தூளில் எட்டு எண் வடிவத்தில் தேய்த்து மெருகேற்றி, ஃபெரிசயனைடு கரைசலில் வைத்து, ஏற்ற இறக்க உச்சிகளின் இடைவெளியை 59 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். முதல் வாரம் 120 வரும். கை பழகப் பழக 70, 65. அலுத்துக்கொள்வார்கள், விடமாட்டேன். அப்புறம், மின்னழுத்தத்தை அளக்க அளவுகோலாக நிற்கிற ஒப்பீட்டு மின்முனைகளில் ஒன்றைச் சோதனைக்கே கொடுப்பதில்லை. அது தனியே பூட்டி இருக்கும். மற்ற மின்முனைகளெல்லாம் வாரம் ஒருமுறை அதன் பக்கத்தில் நின்று, வித்தியாசம் 3 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று காட்ட வேண்டும். பிள்ளைகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "மேம், மாமியார்கிட்ட காட்டியாச்சு" என்று சொன்னால்தான் நான் வரைபடத்தைப் பார்ப்பேன். மிகை மின்னழுத்தத்தைக் கணக்கிடும்போது பிஎச்சுக்காக 0.059ஐப் பெருக்குகிறவர்கள் அந்த பிஎச்சை ஒருதடவை அளந்தும் பார்க்கட்டும்.

நானோஆம்பியர் அளவில் அளக்கப் போனால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கோட்டை முழுங்கிவிடும். விலைகொடுத்துக் கூண்டு வாங்கப் பணமில்லை. ஜன்னலுக்கு அடிக்கிற அலுமினியக் கொசுவலையை வாங்கி, தச்சரை வைத்துச் சட்டம் அடித்து, எர்த் கம்பியை இணைத்தேன். கோழிக்கூண்டு என்று பெயர். இன்றுவரை வேலை செய்கிறது. கூண்டுக்கு மருந்து உண்டு, 2012 மின்வெட்டுக்கு மருந்து இல்லை. நூறு மணிநேரச் சோதனை எண்பதாவது மணியில் நின்றுபோகும். மின்னழுத்தம் விட்டவுடன் படிந்த படலம் திரும்பக் கரையும். அந்த வருஷம் ஒரு மாணவி கண்கலங்கி வந்து "கரண்ட் போச்சு மேம்" என்றபோது, பழக்கதோஷத்தில் "எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஈ.பி. ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினாள்.

எனக்கு இந்தத் துறையைத் திரும்பக் கற்றுக்கொடுத்தது மதுரையில் ஒரு நிக்கல் பிளேட்டிங் பட்டறை. யாரோ சொல்லி உரிமையாளர் தேடி வந்தார். "மேடம், ஓரமெல்லாம் கருகுது, நடுவுல ஏறவே மாட்டேங்குது. பிரைட்னர் மாத்திப் பாத்தாச்சு, உப்பு மாத்திப் பாத்தாச்சு." நான் பெருமையாகக் கரைசல் மாதிரிகளை வாங்கி வந்து இரண்டு வாரம் பகுப்பாய்வு செய்தேன். ஒன்றும் தவறாக இல்லை. கடைசியில் ஹல் செல்லில் ஒரு தகடு ஓட்டினேன். சாய்வான பக்கமுள்ள சின்னத் தொட்டி அது, 267 மில்லி பிடிக்கும். ஒரே தகட்டில் ஒரு முனையில் அதிகக் கரண்டும் மறுமுனையில் குறைந்த கரண்டும் விழும். ஏன் 267 என்று மாணவர்களைக் கேட்பேன்: இதில் 2 கிராம் உப்பைப் போட்டால், பெரிய டேங்கில் கேலனுக்கு ஒரு அவுன்ஸ் போட்டதற்குச் சமம். பட்டறைக்காரர் கணக்குப் போட வசதியாக யாரோ யோசித்திருக்கிறார்கள்.

தகடு பளிச்சென்று வந்தது. கரைசல் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு வேதியியலில் இல்லை, வடிவத்தில். பட்டறைக்குப் போய் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. ரேக்கில் ஜாப், அதாவது நிக்கல் ஏற்ற வேண்டிய உருப்படி, தொங்குகிற இடத்துக்கு ஆனோடுகள் இரண்டு பக்கமும் அகலமாக நீட்டிக்கொண்டிருந்தன. மின்கோடுகள் எல்லாம் ஓரத்திலும் முனையிலும் போய்க் குவிகின்றன. ஆனோடு அகலத்தைக் குறைத்தோம். ஜாப்பைச் சுற்றி ஒரு வெறும் கம்பிச் சட்டத்தைக் கட்டி, ஓரத்துக்கு வருகிற கூடுதல் கரண்டை அது வாங்கிக்கொள்ளும்படி செய்தோம். தொழிலில் அதற்குத் திருடன் என்று பெயர் உண்டு என்றேன். அவர் சிரித்தார். "நாமளே காசு குடுத்துத் திருடனை வைக்கிறோமா மேடம்?"

கருகல் நின்றது. ஆனால் நான் கற்றது அதற்கு அடுத்து நடந்தது. ஒரு ஆம்பியர் ஒரு மணிநேரம் ஓடினால் 1.095 கிராம் நிக்கல் படிய வேண்டும் என்று ஃபாரடே கணக்குச் சொல்கிறது. அவர்கள் மாதம் வாங்குகிற நிக்கல், ரெக்டிஃபையர் ஓடிய நேரம், வெளியே போன சரக்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதினோம். சேரவில்லை. கொஞ்சம் நிக்கல் அந்தத் திருடன் கம்பியில், கொஞ்சம் ரேக்கில், மிச்சம் ஜாப்போடு ஒட்டிக்கொண்டு கழுவுகிற தண்ணீரில் சாக்கடைக்கு. "எங்க போச்சுன்னு இத்தனை வருஷமா நான் கேக்கவே இல்லையே" என்றார் உரிமையாளர். டேங்குக்கு அடுத்து ஒரு நிற்கும் தண்ணீர்த் தொட்டியை வைத்து, அதை டேங்குக்கே திரும்ப ஊற்றச் சொன்னேன். ஆம்பியர்-மணி மீட்டர் ஒன்றை மாட்டி, பளபளப்புக்கான பிரைட்னரைக் கண்மதிப்பில் ஊற்றாமல் மீட்டர் பார்த்து ஊற்றப் பழக்கினோம். எனக்கு வந்த ஆலோசனைக் கட்டணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வைத்த வினாத்தாள்களில் பாதிக் கேள்வி அந்தப் பட்டறையிலிருந்து வந்தது. இளம் ஆசிரியர்களுக்குச் சொல்வேன்: சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் மின்வேதியியலால் தினக்கூலி கொடுக்கிற ஒருவருடைய வாசலில் போய் நில்லுங்கள். கட்டுரை வராது. வராவிட்டால் என்ன?

இனி மறந்து மாட்டிக்கொண்ட கதை. 2017 வாக்கில் உலகம் முழுக்க ஒரு பித்து. காற்றிலுள்ள நைட்ரஜனை, தண்ணீரில், சாதாரண வெப்பநிலையில், கரண்டைக் கொண்டு அம்மோனியாவாக்குவது. வழக்கமாக அம்மோனியா செய்கிற ஹேபர்-போஷ் ஆலைகளின் வெப்பமும் அழுத்தமும் வேண்டாம். யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. நன்றாகப் படிக்கிற ஒரு பையனை இதில் இறக்கினேன், முழுக்க இதிலேயே. நான்காவது மாதம் அம்மோனியா வந்தது. மைக்ரோகிராம்தான், ஆனாலும் வந்தது. சந்தோஷத்தில் எடை போடும் பழக்கமெல்லாம் பறந்துவிட்டது. வினையூக்கியை மாற்றி மாற்றி ஓட்டச் சொன்னேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் வந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் கதவோரம் நின்றான்.

"மேம், ஆர்கான்லயும் வருது."

நைட்ரஜனே இல்லாத வாயுவை விட்டாலும் அம்மோனியா. அடுத்த நாள் கரண்டையே நிறுத்திவிட்டுக் கரைசலை மட்டும் வைத்துப் பார்த்தான். அப்போதும் கொஞ்சம். மூச்சுக்காற்றில் அம்மோனியா இருக்கிறது, ரப்பர் கையுறையிலிருந்து வரும், உப்பில் நைட்ரேட் மாசாக இருக்கும், நடுவில் வைக்கிற நாஃபியான் சவ்வு முந்தின சோதனையின் அம்மோனியாவை உறிஞ்சி வைத்திருந்து அடுத்த சோதனையில் விடும். நாங்கள் அளந்தது எங்களையேதான். 2019இல் நேச்சரில் ஒரு கட்டுரை, இதே கோளாறுகளை வரிசையாகச் சொல்லி, அடையாளத்துக்காக 15 நிறையுள்ள நைட்ரஜனை வைத்துச் சரிபார்க்காமல் யாரும் வெற்றி என்று சொல்லாதீர்கள் என்றது. படித்துவிட்டு அவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் ஒன்றும் பிரசுரித்திருக்கவில்லை என்பது மட்டும் ஆறுதல். ஆறுதலுக்கு வயது பதினான்கு மாதம், அவனுடைய பதினான்கு மாதம்.

பதினான்கு மாதமும் போனது அவனுக்கு, தப்பு என்னுடையது. நைட்ரஜனோ கரண்டோ இல்லாமல் ஓட்டிப் பார்க்கிற வெற்றுச் சோதனையை முதல் நாளே செய்யச் சொல்லியிருக்க வேண்டும், கடைசி நாள் அவனாகச் செய்தான். பிறகு அதே கருவிகளை வைத்து, நிலத்தடி நீரிலுள்ள நைட்ரேட்டை அம்மோனியாவாக்குவதற்கு மாற்றினோம். அங்கே வரும் அளவு மாசைவிடப் பல மடங்கு பெரிது, கணக்கு சேர்ந்தது, பட்டம் வாங்கிவிட்டான். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். என்னிடம் சேர்கிற யாருக்கும் இரண்டு வேலை. ஒன்று கண்டிப்பாக முடிகிற, பார்க்கச் சுவாரசியமில்லாத வேலை, மற்றது ஆசைக்கு. ஆசைக்கானது கவிழ்ந்தாலும் பிள்ளை கரையேற வேண்டும். நெறியாளருக்கு அடுத்த மாணவர் வருவார். மாணவருக்கு அடுத்த இருபத்தைந்து வயது வராது.

இந்தத் துறைக்கே இப்படி ஒரு பழைய தழும்பு உண்டு. 1989இல் மேசைமேல் குளிர் அணுக்கரு இணைவு நடந்துவிட்டது என்று அறிவித்த இருவரில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், அந்நாளில் உலகம் மதித்த மின்வேதியியலாளர். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரருக்கே நடந்திருக்கிறது. அதனால் எனக்கு நடக்காது என்று நான் நினைப்பதில்லை.

லித்தியம் பற்றிக் கேட்பீர்கள். 2019இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் வந்தபின் வருகிற மாணவர் எல்லாருக்கும் லித்தியம்தான் வேண்டும். செய்யுங்கள், வேலையும் கிடைக்கிறது. ஒன்று மட்டும்: காயின் செல் என்கிற காசு அளவுச் சோதனை பேட்டரியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் பூசி எடுத்த எண்ணை வைத்துக் காரை ஓட்டிக் காட்டாதீர்கள். ஆலையில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பூசுகிறார்கள். தடிமனாகப் பூசியவுடன் பிரச்சினை வேதியியலிலிருந்து நம்முடைய நிறைமாற்றப் பாடத்துக்கு வந்துவிடும். நாம் நுழைய வேண்டிய கதவு அது.

பதவி உயர்வு, புள்ளிக் கணக்கு இதையெல்லாம் எழுதப் போவதில்லை. அந்த விதிகள் நான் உள்ளே வந்தபின் பலமுறை மாறிவிட்டன. வீட்டைப் பற்றிக் கேட்கிற பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சோதனைகளை ராத்திரி ஓடுகிறபடியும் காலையில் போய்ப் பார்க்கிறபடியும் அமைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்கு நாம் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. என் மகள் சின்ன வயதில் அம்மா எங்கே என்று கேட்டால் "எலக்ட்ரோடு தேய்க்கிறாங்க" என்பாளாம். பாத்திரம் தேய்க்கிற மாதிரி.

போன மார்ச்சில் ஸ்டாக் வெரிஃபிகேஷன். எங்கள் துறையில் பிளாட்டினம் இருப்பது மூன்று உருப்படி, தங்கம் வெள்ளிக்கான தனி ரெஜிஸ்டரில் எடையோடு இருக்கும். வேறு துறையிலிருந்து வந்த சூப்பரின்டெண்டண்ட், நல்ல மனிதர், தராசில் ஒவ்வொன்றாக வைத்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். வலைத் தகட்டில் நின்றுவிட்டார்.

"மேடம், 2006ல வாங்கினப்ப 2.4131 கிராம்னு இருக்கு. இப்ப 2.4078. மிச்ச பிளாட்டினம் எங்க?"

பிள்ளைகள் இரண்டு பேர் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கவுண்டர் எலக்ட்ரோடாகப் பயன்படுத்தும்போது பிளாட்டினம் மிகச் சிறிதளவு கரைவது இயல்பு என்று தொடங்கி, பதினெட்டு வருஷத்தில் அது ஓடிய மணிநேரங்களைச் சோதனைக் குறிப்பேடுகளிலிருந்து கூட்டிப் போட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"கரைஞ்சது எதுல போய் ஒட்டுச்சுன்னும் எழுதிடுங்க மேடம். ஆடிட்ல கேப்பாங்க."